பட்டம் ஒன்று, பதிவேடுகள் பல

புக்கிட் மேரா வட்டாரத்தின் கிழக்கு விளிம்பில், ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டி மெல்ல உயர்ந்து செல்லும் மேட்டுநிலத்துக்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சிப்பாய் லைன் என்று பெயர். இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு அங்கே இருந்ததனால் ஏற்பட்ட அந்தப் பெயர் இன்று முதியவர்களின் பேச்சில் மட்டுமே மிஞ்சியிருக்க, அந்த மேட்டைச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் அதைச் சூழ்ந்த நிலையங்களும் நிறைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, 1997ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியப் பல் மருத்துவ நிலையம். சிக்கலான பல் நோய்களோடு தீவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து சேரும் அந்த நிலையத்துக்கும், தெலுக் பிளாங்காவிலும் ரெட்ஹில்லிலும் ஹெண்டர்சன் சாலையிலும் எழுந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடையே பஸ்ஸில் சிறிது நேரப் பிரயாணந்தான். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஐந்து ஆண்டுகள் பல் மருத்துவம் பயின்று, சொந்த ஊரில் சில வருஷங்கள் பல் பிடுங்கியும் சொத்தை அடைத்தும் வேர் சிகிச்சை செய்தும் பழகிய கையோடு வந்து அந்த வீடுகளுள் ஒன்றில் குடியேறியிருக்கும் ஒருவருக்கு, அந்தச் சிறிய தூரத்தைக் கடப்பது மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்வதைக் காட்டிலும் கடினமான காரியமாக இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்குத் தமிழர் வந்த கதை பழையது. டெப்போ சாலையில் இருக்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் அலெக்ஸாண்டிரா செங்கற்சூளையில் உழைத்தவர்களின் வழிபாட்டிலிருந்து தோன்றியது. சூளைக்கு வந்தவர்களிடம் எவரும் பட்டத்தைக் கேட்கவில்லை. கேட்பதற்குப் பட்டமும் இல்லை. இன்று வருகிறவர்கள் பட்டத்தோடு வருகிறார்கள். கணினித் துறையிலோ வங்கியிலோ உத்தியோகம் பெற்று வரும் கணவரோடு, சார்ந்திருப்போர் அனுமதி அட்டை பெற்று வரும் மனைவியர் பலர். அவர்களுள் பல் மருத்துவம் படித்தவர்கள் கணிசமாக இருப்பதற்குக் காரணம், தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்களே மிகுதி என்பதுதான். திருச்சியிலுள்ள உறவினர்கள், 'அங்கே கிளினிக் வைத்துவிட்டாளா?' என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாது என்பதனாலேயே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

சிங்கப்பூரில் பல் மருத்துவம் செய்வதை 1999ஆம் ஆண்டின் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் ஆள்கிறது. சுகாதார அமைச்சின் கீழ் அமைந்த சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றம் ஒரு பதிவேட்டை வைத்துப் பராமரிக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நோயாளியின் வாயில் கருவி வைப்பது குற்றம். பதிவிலும் தராதரங்கள் உண்டு. முழுப் பதிவு பெற்றவர் தாமே கிளினிக் திறந்து நடத்தலாம். நிபந்தனைப் பதிவு பெற்றவர் மன்றம் ஏற்ற நிலையத்தில், மூத்தவர் ஒருவருடைய மேற்பார்வையில், சில ஆண்டுகள் பணிசெய்து தம்மை நிரூபித்த பிறகே அடுத்த படிக்கு ஏற முடியும். தற்காலிகப் பதிவு பயிற்சிக்கோ ஆராய்ச்சிக்கோ வந்து போகிறவர்களுக்கு உரியது. இவற்றுள் எந்த வாசலுக்குப் போனாலும் வாசலில் கேட்கப்படும் முதற்கேள்வி, பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்பதே. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா, அமெரிக்கா, ஹாங்காங் என்று நீளும் அங்கீகாரப் பட்டியலைச் சார்ந்தே சிங்கப்பூர் நெடுங்காலம் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவந்தது, தமிழ்நாட்டுப் பி.டி.எஸ். பட்டம் அந்தப் பட்டியலில் இடம்பெற்றதில்லை. பின்னாளில் தகுதித் தேர்வு என்ற ஏற்பாடும் இதனோடு வந்து சேர்ந்திருக்கிறது. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே வரும் துறையாதலால், இங்கே பதிவு பெறும் உத்தேசமுள்ளவர், நான்கு வருஷத்துக்கு முன் வந்த தோழியின் அநுபவத்தைக் கேட்டு நம்பிக்கை கொள்வதையும் நம்பிக்கை இழப்பதையும் நிறுத்திவிட்டு, மன்றத்துக்கே நேரில் எழுதிக் கேட்பது உசிதம்.

மன்றத்தின் வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசலும் உண்டு. அது மனிதவள அமைச்சினுடையது. சார்ந்திருப்போர் அட்டையோடு வந்தவர், வேலை கொடுக்க ஒரு முதலாளி முன்வந்தால் சம்மதக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம் என்றிருந்த சௌகரியம் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியோடு முடிவடைந்தது. அதன் பிறகு, தமக்கென்று தனியே வேலை அனுமதி பெற்றாலன்றி அவர்கள் சம்பளத்துக்கு உழைக்க இயலாது. ஆகையால், பல் மருத்துவராக அல்ல, பல் மருத்துவருக்கு உதவியாளராகவேனும் சேர்ந்து துறையின் வாசனையோடு இருக்கலாம் என்று எண்ணியவர்களுக்கும் வழி குறுகிவிட்டது. உதவியாளர் வேலைக்கு மன்றத்தின் பதிவு வேண்டியதில்லை. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், சிமெண்ட் குழைத்துக் கொடுப்பதும், கருவிகளை ஆவியில் சுத்திகரிப்பதும் அந்த வேலையின் அங்கங்கள். ஐந்து ஆண்டு படித்தவர் அந்த நாற்காலியின் மறுபக்கத்தில் நின்று குறடை எடுத்து நீட்டுவதில் இழிவு ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இங்குள்ள கிளினிக்கின் ஒழுங்கு, கிருமி நீக்கத்தில் காட்டப்படும் கண்டிப்பு, கோப்பு எழுதும் முறை எல்லாம் அந்த நாற்காலிக்கு அருகில் நின்றால்தான் தெரியவரும். ஆனால் அது ஓர் இடைத்தங்கல் என்பதை மறந்துவிட்டு அங்கேயே ஆண்டுகளைப் போக்கியவர்களுடைய கை, பல் மருத்துவர் கையாக இருப்பதை நாளாவட்டத்தில் மறந்துபோகிறது.

இதைக் கேட்கிற தமிழ் வாசகருக்குக் கோபம் வருவது இயல்பு. 'நம்முடைய பட்டம் என்ன, மட்டமா?' என்பது அந்தக் கோபத்தின் வடிவம். ஆனால் அங்கீகாரம் என்ற இந்த வஸ்துவின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால், கோபத்தின் இடத்தில் வேறொரு தெளிவு பிறக்கும். இன்று வாசலில் அமர்ந்து பட்டத்தைக் கேட்கிறவர்கள் எல்லாரும் நேற்று வேறொருவர் வாசலில் நின்றவர்களே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் பல் வைத்தியம் செய்தவர்களில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர்கள் அல்லர். சீனாவின் ஹூபேய் மாகாணத்திலிருந்து புறப்பட்டுத் தென்கிழக்காசியத் துறைமுகங்களெல்லாம் பரவிய பல் கட்டும் கைவினைஞர்கள், தந்தையிடம் மகனும் மாமனிடம் மருமகனுமாகத் தொழில் கற்று, தெருவோரத்திலும் கடை முகப்பிலும் பல் பிடுங்கித் தங்கப் பல் கட்டினார்கள். ஜப்பானியப் பல் மருத்துவர்களும் ஊரில் இருந்தார்கள். சட்டம் வந்தபோது, இவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட எந்த அரசாங்கமும் துணியவில்லை. பிரிட்டனில் 1921ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை பட்டமின்றித் தொழில் செய்துவந்தவர்களையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே வருங்காலத்துக்குக் கதவை அடைத்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பட்டம் உள்ளவர்களை 'அ' பகுதியிலும், பட்டமின்றி அநுபவத்தால் தொழில் கற்றவர்களை 'ஆ' பகுதியிலும் வைத்தது. சிங்கப்பூர்ப் பதிவேட்டின் இரண்டாம் பிரிவும் அத்தகைய முன்னோர்களுக்காக ஏற்பட்டதே. அனுபவத்துக்கு ஒரு முறை மரியாதை செய்துவிட்டு, இனி பட்டமே பிரமாணம் என்று நிலைநாட்டியது எல்லா இடத்திலும் நடந்த ஒரே நாடகம். அந்த ஒரு முறை தவறிப்போனால் மறுமுறை கிடையாது.

சிப்பாய் லைனுக்கே திரும்பி வருவோம். டான் ஜியாக் கிம் என்னும் சீன வர்த்தகர் முன்னின்று திரட்டிய 87,077 வெள்ளியைக் கொண்டு, 1905ஆம் ஆண்டில், அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பெண்கள் மனநோய் விடுதி ஒன்றில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பிற்பாடு ஏழாம் எட்வர்ட் அரசரின் பெயர் சூட்டப்பெற்ற அந்தப் பள்ளி, தன் பட்டயத்துக்கு லண்டனிலுள்ள பொது மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் கிடைக்க 1916ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அங்கேயேதான் 1929ஆம் ஆண்டில் பல் மருத்துவத் துறை தோன்றியது. முதல் வகுப்பில் ஏழு மாணவர்கள். பேராசிரியராக அமர்ந்த ட்ராட்மன், பிரிஸ்டல் நகரத்தவர். பல்லில் இருந்த ஆர்வம் போதாதென்று மலைக்குகைகளையும் பழைய எலும்புகளையும் ஆராய்ந்து அந்தத் துறையிலும் கியாதி பெற்றவர். குகைகளுக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நுழைகிறவருக்கு வாய்க்குள் நுழைவது சுலபமாக இருந்திருக்கலாம். அவர் வளர்த்த துறை, 1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகி, பின்னர்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடமாகி, இன்று கென்ட் ரிட்ஜில் பெரிய கட்டடத்தில் இயங்குகிறது.

இத்தனை பெருமை பெற்ற அந்தப் பீடத்தின் பட்டத்துக்கும் ஒரு நாள் வாசல் அடைபட்டது. சிங்கப்பூரில் பி.டி.எஸ். முடித்தவர்கள் பிரிட்டனில் தேர்வெழுதாமலே பதிவு பெறலாம் என்றிருந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு மறுநாள் முதல் பட்டம் பெற்றவர், அங்கே சென்னைக்காரரோடு ஒரே வரிசையில் நின்று தேர்வெழுத வேண்டியவரானார். ஒரே இரவில் பீடத்தின் தரம் தாழ்ந்துபோய்விட்டதாக எவரும் சொல்லவில்லை. ஐரோப்பாவோடு பிரிட்டன் கொண்ட உறவும் காமன்வெல்த்தோடு கொண்ட பழைய உறவும் இடம் மாறிக்கொண்டது காரணமாக இருந்திருக்கலாம். இந்திய மருத்துவப் பட்டங்களின் அநுபவமும் இத்தகையதே. 1930ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மன்றம் இந்தியப் பட்டங்களை அங்கீகரிக்க மறுத்ததன் விளைவாக 1933ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது; மீண்டும் கிடைத்த அங்கீகாரம் 1975ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. சிங்கப்பூரும், பல் அல்லாத பொது மருத்துவத்தில், தான் ஏற்கும் வெளிநாட்டுப் பள்ளிகளின் எண்ணிக்கையை 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து 160இலிருந்து 103ஆகக் குறைத்தது. ஆக, பட்டியல் என்பது பள்ளியின் தரத்தை மட்டும் அளக்கும் கோல் அல்ல. ஒரு நாட்டுக்கு எத்தனை மருத்துவர் வேண்டும், யாரை விசாரிக்காமல் நம்பலாம் என்ற இரண்டு கணக்குகளும் அதனுள்ளே ஒளிந்திருக்கின்றன.

இந்தியப் பட்டத்தை விசாரிக்காமல் நம்ப மறுக்கும் அவநம்பிக்கைக்கு இந்தியத் தரப்பிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920ஆம் ஆண்டில் தொடங்கிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது, தாமே வெளிநாட்டில் பயின்றவர். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, பாஸ்டனில் பணிபுரிந்து, 1919ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பியவர். வெளிநாட்டில் கற்ற வித்தையை உள்நாட்டில் ஊன்றுவதற்குக் கல்லூரி, பத்திரிகை, சட்டம் ஆகிய மூன்றையும் தாமே முன்னின்று உண்டாக்க வேண்டியிருந்த அவரைப்போல் ஒருவர் இன்று தோன்றினால், முதலில் அந்நிய நாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வை எழுதிவிட்டு வரும்படி சொல்லப்படுவார் என்பது வேறு விஷயம். சென்னையில் 1953ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியின் கிளையாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதன் பிறகு, தனியார் கல்லூரிகள் புற்றீசல்போல் பெருகி, நாட்டில் 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்ட இடங்களும் ஏற்பட்டன. சிங்கப்பூர்ப் பீடம் ஆண்டுக்கு நூறு பேரைக்கூடச் சேர்ப்பதில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளிகள் குவியும் அரசாங்கக் கல்லூரியில் பயின்று நூற்றுக்கணக்கான பற்களைப் பிடுங்கிய கையும், நோயாளி வராத கட்டடத்தில் மாதிரிப் பல்லையே கடைந்துகொண்டிருந்த கையும் ஒரே பட்டத்தைப் பெற்று வெளியே வருகின்றன. அந்த இரண்டையும் பிரித்தறிய வெளிநாட்டு மன்றத்துக்கு வசதி இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே நிறுத்திவைக்கிறது. தமிழ்நாட்டிலும், ஒரே தெருவில் நான்கு பல் மருத்துவப் பலகைகள் தொங்க, இளம் பட்டதாரி சொற்பச் சம்பளத்துக்கு மூத்தவரின் கிளினிக்கில் உட்காருகிறார். கல்யாணமோ கடல் கடந்த உத்தியோகமோ அழைத்தால் அவர் தயங்காமல் கிளம்புவதற்கு இதுவே மூலகாரணம்.

பட்டியலா, தேர்வா என்ற விவாதத்தில் என்னுடைய அபிப்பிராயம் தேர்வின் பக்கமே. பட்டியல் பள்ளியை விசாரிக்கிறது. தேர்வு ஆளை விசாரிக்கிறது. நோயாளியின் வாய்க்குள் போகப் போவது பள்ளி அல்ல. ஆனால் தேர்வை வைத்திருக்கும் நாடுகளின் நடைமுறையைப் பார்த்தால், தேர்வு என்ற நல்ல சொல்லுக்குள் எவ்வளவு செலவும் காத்திருப்பும் அடைக்கப்பட்டிருக்கின்றன என்பது புலப்படும்.

சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பல் மருத்துவரின் மனம் முதலில் நாடுவது ஆஸ்திரேலியாவை. ஆஸ்திரேலியப் பல் மருத்துவ மன்றம் மூன்று படிகளை வைத்திருக்கிறது. முதற்படியில் பட்டமும் பதிவும் அநுபவமும் சரிபார்க்கப்படுகின்றன; இரண்டாவது எழுத்துத் தேர்வு; மூன்றாவது, மெல்போர்னில் நடக்கும் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வைப் புத்தகத்தின் துணையால் கடந்துவிடலாம். செய்முறைத் தேர்வில், செயற்கைத் தலையில் பொருத்திய செயற்கைப் பற்களைக் குறித்த நேரத்துக்குள், குறித்த ஆழத்துக்கு, பக்கத்துப் பல்லில் கீறல் விழாமல் கடைய வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். உயிருள்ள வாயில் பழகியவருக்கு நெகிழிப் பல் வசப்படுவதில்லை என்பது ஒரு காரணம், அந்தப் பல்லைக் கடைந்து பழக இயந்திரமும் இடமும் பயிற்சியாளரும் வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும் என்பது மற்றொரு காரணம். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு போலித் தலையைத் திருகிப் பொருத்தி, குழந்தை உறங்கிய பிறகு கடைந்து பழகுகிறவர்கள் உண்டு. தேறியவர்களுக்குப் பலன் பெரிது. 2010ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் ஒரே தேசியப் பதிவேடு என்பதனால் மாநிலத்துக்கு மாநிலம் போய் நிற்க வேண்டியதில்லை. டாஸ்மன் கடலுக்கு அப்பாலுள்ள நியூஸிலாந்துக்கும் அந்தப் பதிவின் பலத்தில் போகலாம்.

பிரிட்டனில் 2007ஆம் ஆண்டு முதல் நடைபெறும் வெளிநாட்டார் பதிவுத் தேர்வு இரண்டு பாகம் கொண்டது. அதன் கஷ்டம் கேள்வித்தாளில் இல்லை, இடம் கிடைப்பதில் இருக்கிறது. தேர்வுக்கான இடங்கள் இணையத்தில் திறக்கப்பட்ட சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வே நெடுநாள் நின்றுபோய், காத்திருப்போர் வரிசை மேலும் நீண்டது. பல் மருத்துவருக்குப் பஞ்சம் என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் ஒரு பக்கம் எழுத, அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கக் கூடியவர்கள் இன்னொரு பக்கம் கணினித் திரைக்கு முன் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பது விசித்திரமான காட்சி. அங்கே இன்னொரு மார்க்கமும் உண்டு: 1860ஆம் ஆண்டு முதல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி வழங்கிவரும் எல்.டி.எஸ். பட்டயம். ஆங்கில உலகின் மிகப் பழைய பல் மருத்துவத் தகுதிகளுள் ஒன்றான அது, இன்று வெளிநாட்டவருக்கு ஒரு குறுக்கு வழியாக அல்ல, ஒரு மாற்று வழியாகப் பயன்படுகிறது.

அமெரிக்காவுக்குத் தேர்வு மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த தேசியத் தேர்வை எழுதிய பிறகும், பெரும்பாலான மாநிலங்களில், அங்குள்ள கல்லூரி ஒன்றில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மறுபடியும் மாணவராக உட்கார வேண்டும்; கட்டணம் லட்சம் டாலரைத் தாண்டும். கடனைத் தாங்கும் தைரியமும் அமெரிக்காவில் வாழும் சட்டபூர்வமான உரிமையும் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகலாம். கனடாவில் அறிவுத் தேர்வு, தீர்மானத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று மூன்று உண்டு. பொறுமைசாலிகளுக்கு அது கல்லூரிக்குத் திரும்பாமலே கடக்கக் கூடிய பாதை. துபாய்க்குப் போகிறவர்கள் கணினித் தேர்வும் சான்றிதழ்களின் மூலச் சரிபார்ப்பும் முடித்து, மற்ற நாடுகளைக் காட்டிலும் விரைவில் வேலைக்கு அமர்கிறார்கள். ஆனால் அங்கே பெற்ற உரிமம் வேறெந்த நாட்டு வாசலையும் திறந்துகொடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னால், 'எதற்கும் தயாராக இருக்கிறேன், எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கிறேன்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தாம் மிகுதியாக நஷ்டப்படுகிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் பாடத்திட்டம் வேறு, ஆங்கிலச் சான்று வேறு, சான்றின் ஆயுள் வேறு. ஒன்றுக்குப் படித்து முடிக்கையில் மற்றொன்றுக்கு வாங்கிய சான்று காலாவதியாகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் கையின் பழக்கம். கிளினிக்கை விட்டு மூன்று நான்கு வருஷம் விலகியிருந்தவரிடம் எந்த மன்றமும், அண்மையில் என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று கேட்கும். அதற்குக் காட்டக் கூடிய விடை இல்லாவிட்டால் மதிப்பெண் பட்டியல் மௌனமாகிவிடும். ஆகையால், புக்கிட் மேராவில் வந்து இறங்கிய முதல் ஆண்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்த நாட்டில் நான் பல் மருத்துவராக இருக்கப் போகிறேன் என்பது. தேசியப் பல் மருத்துவ நிலையத்தின் கட்டடம் அருகிலேயே கண்ணில் படுகிறதே என்ற ஆசையில், அந்தக் கேள்வியை ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பவர்களைத்தான் இந்த ஊர் நன்றாக ஏமாற்றுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை எதுவாயினும், சில காரியங்களைச் செய்துவைத்தே தீர வேண்டும். தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் உள்ள பதிவைப் புதுப்பித்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு மன்றங்களெல்லாம் கேட்கும் நன்னடத்தைச் சான்று அங்கிருந்துதான் வர வேண்டும். பதிவு செத்துப்போனவருக்கு அந்தச் சான்று பிறப்பதில்லை. பயிற்சி ஆண்டின் சான்றிதழ், வேலை செய்த கிளினிக்குகளின் அநுபவக் கடிதங்கள், பாடத்திட்டத்தின் மணிக்கணக்கு ஆகியவற்றைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கிவைத்துக்கொள்கிறவர் புத்திசாலி. பத்து வருஷம் கழித்துக் கடல் தாண்டியிருந்துகொண்டு அலுவலகக் குமாஸ்தாவைத் தொலைபேசியில் பிடிக்க முயல்வது தேர்வெழுதுவதைவிடக் கடினம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வாரங்களில் பழைய கிளினிக்கிலேயே அமர்ந்து, சட்டப்படி தமக்கு உரிமையுள்ள அந்த ஒரு நாட்டில் கையைப் பழக்கத்தில் வைத்துக்கொள்கிற சிலரும் இருக்கிறார்கள். பண்டிகைக்காகப் போனவர், அத்தை மாமா வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு பல் பிடுங்கிக்கொண்டிருப்பதைச் சுற்றத்தார் மெச்சுவதில்லை. ஆனால் தேர்வு மண்டபத்தில் அந்த வாரங்கள் கைகொடுக்கும்.

இங்கேயே தங்கி, பல் மருத்துவராக அல்லாமல் வேறு ஏதேனும் ஆகிவிடலாம் என்று தீர்மானிப்பவர்களும் உண்டு. அவர்கள் தோற்றவர்கள் என்று முடிவுகட்டுவது அநியாயம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்வதற்கும், தேசியப் பல் மருத்துவ நிலையத்தை ஒட்டிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிவதற்கும் நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் உரிமம் ஒவ்வொரு வேளையிலும் தேவைப்படுவதில்லை. மருந்துப் பரிசோதனைகளை ஒருங்கிணைப்பவராக, காப்புறுதி நிறுவனத்தில் பல் சிகிச்சைக் கோரிக்கைகளை ஆராய்பவராக, கருவி விற்கும் நிறுவனத்தில் கிளினிக்குகளுக்குப் பயிற்சி அளிப்பவராக, மருத்துவமனையின் கணினித் தகவல்களை ஒழுங்குபடுத்துபவராகப் பல் மருத்துவப் பட்டதாரிகள் அமர்கிறார்கள். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாய்ச் சுகாதாரச் சிகிச்சையாளர் பட்டயம் ஒன்று உண்டு. அதை முடித்தவர்களும் மன்றத்தின் பதிவேட்டுக்கு உட்பட்டவர்களே. பட்டம் பெற்ற பல் மருத்துவர் ஒருவர் பட்டயத்துக்கு மறுபடியும் மாணவராவது படி இறங்குவது என்று சிலர் சொல்வார்கள். வாய்க்குள் சட்டபூர்வமாகக் கை வைக்கும் உரிமையே பெரிது என்று எண்ணுபவருக்கு அது இறக்கம் அல்ல.

செய்யத் தகாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர்களுக்குத்தானே, வீட்டில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்டுவதும் நண்பர்களின் பல்லைச் சுத்தம் செய்வதும் இந்த ஊரில் வழக்குமன்றத்தில் போய் முடியும் காரியங்கள். உரிமமின்றிப் போலிக் கம்பி கட்டியவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒரே வரிசையில், உண்மையான பட்டமுள்ள ஒருவர் நிற்க நேர்ந்தால், அந்தக் கறை மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். பரிவினால் செய்தேன் என்ற வாதத்தை எந்த மன்றமும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. வாயைத் திறந்து சாய்ந்திருக்கும் நோயாளிக்கு, எதிரில் நிற்பவருடைய யோக்கியதையை ஆராய அவகாசமும் இல்லை, வழியும் இல்லை. அவருக்காக ஆராய்ந்து வைப்பதற்கென்றே பதிவேடு ஏற்பட்டது.

இனி, தேர்வில் தேறியவர்களுடைய கதை. ஆஸ்திரேலியத் தேர்வில் வென்று பதிவுக்குத் தகுதி பெற்ற ஒருவர், வெற்றிச் செய்தி வந்த இரவில் எதிர்கொள்வது ஒரு புதிய சங்கடத்தை. கணவருக்கு உத்தியோகம் சிங்கப்பூரில். குழந்தை இங்குள்ள தொடக்கப்பள்ளியில் தமிழும் ஆங்கிலமுமாகக் காலூன்றிவிட்டது. மாமியார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து தங்க இங்கே வசதி இருக்கிறது. உரிமமோ மெல்போர்னில். தனியே போய் ஒரு சிற்றூர்க் கிளினிக்கில் சேர்ந்து, இரண்டு வருஷம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்; உரிமத்தைச் சட்டகம் போட்டு மாட்டிவிட்டு ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மதிப்பெண், செய்முறை, ஆங்கிலம் ஆகிய எல்லாவற்றையும் வென்ற பிறகு, அந்தக் குடும்பத்தில் பல் மருத்துவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதாக எஞ்சியிருக்கும் கேள்வி, கணவர் வேலைபார்க்கும் கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கிளை இருக்கிறதா, அங்கே அவருக்கு மாற்றல் கொடுப்பார்களா என்பதுதான்.